பேண்ட் குட்டையாகும் வருடம்: பி.டி. ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பி.டி. சார்களுக்கும் டீச்சர்களுக்கும், மாலையானால் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிச் சம்பளம் இல்லாமல் பயிற்சி தரும் அண்ணன்களுக்கும்,

வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு சின்ன டவுனில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். பள்ளியில் படிக்கும்போது வாலிபால் ஆடியவள். பள்ளி திறந்து, குறுவட்டப் போட்டிக்கு நீங்கள் டீம் எடுக்கத் தொடங்கும் முன்பே இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் ஜூலை பாதி தாண்டினால் என் கிளினிக் பெஞ்சில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வந்து உட்கார ஆரம்பித்துவிடுகிறார்கள். முட்டி, குதிகால், கணுக்கால், இடுப்பு. பெரும்பாலும் அந்தப் பள்ளியிலேயே நன்றாக ஆடுகிற பிள்ளையாகத்தான் இருக்கும். மற்ற பிள்ளைகளை யாரும் அவ்வளவு ஆட வைப்பதில்லை.

போன வருடம் வந்த ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 14. ஒன்பதாம் வகுப்பு. வாலிபாலில் அட்டாக்கர், நெட்டருகே குதித்து ஓங்கி அடிக்கிறவன். அவன் அம்மாதான் கூட்டி வந்தார். கட்டிலில் உட்காரச் சொல்லி முட்டியைப் பார்த்தேன். முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, கோலிக்குண்டு அளவில் ஒரு புடைப்பு. கட்டை விரலால் லேசாக அழுத்தியதும் கட்டிலின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். ஆனால் வாயில் சத்தம் வரவில்லை. "எத்தனை நாளா வலிக்குது?" என்றேன். "ரெண்டு மூணு நாளா" என்றான். அம்மா குறுக்கிட்டார்: "பொய் சொல்றான் டாக்டரம்மா, பொங்கல்ல இருந்தே மாடிப்படி இறங்கறப்ப கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கறான்." அது ஜூலை மாதம். ஆறு மாதமாக வலியோடு குதித்திருக்கிறான்.

அவன் யூனிஃபார்ம் பேண்டைப் பார்த்தேன். கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது. "போன ஜூன்ல எடுத்த பேண்ட்" என்றார் அம்மா, கொஞ்சம் கூச்சத்தோடு. எனக்குத் தேவையான தகவல் அந்தப் பேண்டிலேயே இருந்தது.

இந்த முட்டிப் புடைப்புக்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். 1903-ல் அமெரிக்காவில் ஒருவரும் சுவிட்சர்லாந்தில் ஒருவரும் தனித்தனியாக விவரித்தார்கள். தொடையின் முன்பக்கத் தசை முட்டிச் சில்லைத் தாண்டி வந்து, கீழ்க்கால் எலும்பின் ஒரு சிறு மேட்டில் ஒட்டிக்கொள்கிறது. வளர்கிற பிள்ளைக்கு அந்த மேடு இன்னும் முழு எலும்பாகவில்லை, குருத்தெலும்பாக இருக்கிறது. ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் இறங்கும்போதும் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காத மாதங்களில் இழுப்பு இன்னும் அதிகம். குதிகாலிலும் இதே கதைதான். எட்டு வயதுக்கு மேல் 14 வயது வரையுள்ள பிள்ளை குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தால், குதிகாலின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக அழுத்திப் பாருங்கள். முகம் சுளித்தால் வளரும் இடத்தில்தான் வலி.

இப்படி வளரும் இடங்களை வளர்ச்சித் தட்டு என்கிறோம். பெரியவர்களுக்குக் கணுக்கால் மடங்கினால், எலும்பை எலும்போடு கட்டும் தசைநார் கிழியும். பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட இந்தத் தட்டு பலவீனமானது, அதனால் முதலில் அதுதான் விட்டுக்கொடுக்கும். நான் உங்களிடம் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு விஷயம்தான்.

பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மளமளவென்று வளர்கிறார்கள். அதற்கு முன் வருடத்துக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர்ந்தவர்கள் அந்த ஒரு வருடத்தில் எட்டு, ஒன்பது, சிலர் பத்து செ.மீ.கூட வளர்கிறார்கள். கை கால் திடீரென்று நீண்டுவிடுவதால் உடம்பின் கணக்கும் தப்பிவிடுகிறது. போன வருடம் அழகாக டைமிங் பிடித்து அடித்த பையன் இந்த வருடம் பந்தை நெட்டில் அடிக்கிறான். உங்களுக்கு அவன் சோம்பேறியாகத் தெரிகிறான். "கவனம் இல்ல, இன்னும் ஐம்பது ஜம்ப் போடு" என்கிறீர்கள். வளர்ச்சித் தட்டு மிகவும் பலவீனமாக இருக்கும் மாதங்களில் அவனுக்குச் சுமை கூடிவிடுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தெரியாமல் நடப்பது இது.

தெரிந்துகொள்ள ஒரு டெய்லர் டேப்பும் ஒரு நோட்டும் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செருப்பு ஷூ இல்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டி நிற்க வைத்து, தலையில் ஒரு அட்டையைச் சமமாக வைத்து உயரம் எடுங்கள். காலையில் எடுத்தால் எப்போதும் காலையிலேயே எடுங்கள். சாயங்காலத்துக்குள் உயரம் கொஞ்சம் குறையும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பெயருக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அவ்வளவுதான் வேலை. வட்டம் போட்ட பிள்ளையை வெளியே உட்கார வைக்க வேண்டாம். குதிப்பதையும் ஸ்பிரிண்டையும் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தை வேறு வேலைக்குக் கொடுங்கள். வாலிபால் என்றால் செட்டிங், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது, சர்வீஸ் ரிசீவிங். கபடி என்றால் பிடி முறை, கால் வைக்கும் இடம். தடகளம் என்றால் பேட்டன் மாற்றுவது, ஸ்டார்ட்டில் உட்காரும் முறை. வளர்ச்சி அடங்கி உடம்பு பழைய கணக்குக்கு வரும்போது அந்தப் பிள்ளை மற்றவர்களைவிடத் திறமையோடு நிற்கும். டேப் இல்லாத நாளில் பேண்டைப் பாருங்கள்.

அடுத்தது சுமை. மே மாதம் முழுவதும் பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கிறார்கள், அல்லது செல்போனோடு இருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. ஜூலையில் செலக்‌ஷன். நடுவில் இருக்கும் சில வாரங்களுக்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கிறோம். காலை ஐந்தரைக்கு ஒரு செஷன், மாலை நான்கரைக்கு ஒரு செஷன். ஒன்றுமே செய்யாத உடம்பின் மேல் திடீரென்று மலையை ஏற்றினால் எலும்பும், தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணும் எங்கே போகும்? அவை பலமாவதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். மூச்சும் இதயமும் அதைவிடச் சீக்கிரம் தேறிவிடும், அதனால் பிள்ளை களைக்காமல் ஓடும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

பி.டி. சார் ஒருவருக்குப் பள்ளி முழுக்கப் பிள்ளைகள், குறுவட்டத்தில் புள்ளி வாங்கித் தர வேண்டும் என்கிற நெருக்கடி, நடுவில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சக ஆசிரியர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் உயரமான ஒரு பிள்ளை கிடைத்தால் வாலிபால், ஹை ஜம்ப், டிரிபிள் ஜம்ப், ரிலே என்று எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிடுகிறோம். அந்த முட்டிப் புடைப்புப் பையனும் அப்படித்தான் நான்கில் இருந்தான். ஒரு மாலை அவர்கள் கிரவுண்ட் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் எத்தனை முறை குதிக்கிறான் என்று ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டேன். வாலிபாலில் 90 தாண்டியது. அதன் பிறகு ஹை ஜம்ப் மெத்தைப் பக்கம் போனான்.

அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2015-ல் வந்தது. வாரத்துக்குத் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு, அதாவது 13 வயதுப் பிள்ளை 13 மணி நேரத்துக்கு மேல் ஆடினால், கடுமையான தேய்மானக் காயங்கள் அதிகமாக வந்திருந்தன. நினைவில் வைக்க எளிதான கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி இன்னும் ஒரு படி மேலே போய், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும், வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் தன் முக்கிய விளையாட்டிலிருந்து விடுப்பும் கொடுக்கச் சொல்கிறது. மூன்று மாதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மாதமாகக் கொடுக்கலாம். நம் ஊர் அட்டவணையில் அதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுங்கள். மே மாதத்தில் இருபது நிமிட வீட்டுப் பயிற்சி ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இவை இரண்டுமே முடியும்.

இனி என் முட்டியைப் பற்றி எழுதுகிறேன். 22 வருடம் ஆகிவிட்டது.

பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்ட இறுதிப் போட்டி. மூன்றாவது செட். எதிரணியின் அடியை நெட்டில் தடுக்கும் பிளாக்குக்குக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கினேன். உள்ளே ஈரத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னாள். ஸ்பிரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்றார்கள். எழுந்து ஆடினேன். நான்காவது செட்டில் முட்டி மறுபடியும் விலகியது. வீட்டில் சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப் போனார்கள். எண்ணெய் போட்டு மூன்று வாரம் நீவினார். வீக்கம் வடிந்தது. திரும்பும்போது மட்டும் கால் நழுவியது. முன் சிலுவைத் தசைநார், ஏ.சி.எல். என்கிறோமே, அது கிழிந்திருந்தது என்று கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் உள்ளே இருந்த குருத்தெலும்பு வட்டும் கிழிந்துவிட்டது. அதோடு என் ஆட்டம் முடிந்தது.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் பயிற்சியாளர் என் மேல் உயிராக இருந்தவர். பஸ் காசு தன் கையிலிருந்து கொடுத்தவர். எனக்கு ஓங்கி அடிக்கவும், உயரக் குதிக்கவும் சொல்லித் தந்தார். எப்படி இறங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பருவம் அடைந்த பிறகு பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு, அதே விளையாட்டை ஆடும் ஆண் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடித்து வருவதில்லை. தானாக இறங்கும்போதோ, ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதோ வருகிறது. உங்கள் பிள்ளைகளை ஒரு பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்லி நேர் எதிரே நின்று பாருங்கள். இறங்கும் நொடியில் முட்டிகள் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றை ஒன்று தொடப் போகின்றனவா? இடுப்பு மடங்காமல், விறைத்த காலோடு தரையில் "தொம்" என்று சத்தம் வருகிறதா? அந்தப் பிள்ளைக்கு இன்றே வேலை தொடங்க வேண்டும்.

வேலையும் கடினமானதல்ல. "சத்தம் வராமல் இறங்கு" என்பதுதான் முதல் பாடம். பூனை மதில் சுவரிலிருந்து குதிப்பதைப் பார்த்திருக்கிறாயா என்று கேளுங்கள், பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். முட்டி கால் பெருவிரல் பக்கம் உள்ளே போகாமல் நடு விரலுக்கு நேராக இருக்க வேண்டும். இடுப்பைப் பின்னால் தள்ளி, நாற்காலியில் உட்காரப் போவதுபோல மடங்க வேண்டும். முதலில் இரண்டு கால், அப்புறம் ஒற்றைக் கால், அப்புறம் பக்கவாட்டில், கடைசியில் பந்தோடு.

இதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்குப் பாண்டி ஆட்டம் நினைவுக்கு வரும். கட்டத்துக்குள் ஒற்றைக் காலில் குதித்து, கோட்டை மிதிக்காமல் நின்று, அப்படியே குனிந்து சில்லை எடுத்து, திரும்பிக் குதித்து வர வேண்டும். கிளினிக்கில் காசு வாங்கிக்கொண்டு நான் செய்ய வைக்கும் ஒற்றைக் கால் சமநிலைப் பயிற்சி கிட்டத்தட்ட இதுதான். நொண்டி ஆட்டமும் அப்படி. நம் பெண் பிள்ளைகள் எட்டு, பத்து வயதில் வாசலில் மணிக்கணக்கில் ஆடிய ஆட்டம் தெருவில் வண்டி பெருகியதும் நின்றுபோனது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு பீரியடாவது அதைத் திருப்பிக் கொடுங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும்.

வார்ம்-அப் என்றால் நம்மிடம் வழக்கமாக இரண்டு ரவுண்டு ஓட்டம், கையைக் காலை ஆட்டுவது, பிறகு உட்கார்ந்து கால் விரலைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது. நீண்ட நேரம் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஸ்பிரிண்ட் போனால் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்த ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகுக்குத் தள்ளிவையுங்கள். முன்னால் செய்ய ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு முறை இருக்கிறது. கால்பந்துக்கு உருவாக்கியது என்றாலும் ஓடித் திரும்பிக் குதிக்கும் எந்த விளையாட்டுக்கும் அதன் பெரும்பகுதி பொருந்தும். மெதுவான ஓட்டம், அப்புறம் பலமும் சமநிலையும் தரும் பயிற்சிகள், கடைசியில் வேகமான ஓட்டமும் திரும்பலும். மொத்தம் 15 பயிற்சி, பழகிவிட்டால் 20 நிமிடம். ஒரு கருவியும் தேவையில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியானது. 13 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்று தனியாக ஒரு முறை வந்து, அதுவும் ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதிக்கப்பட்டது. அங்கும் காயம் பாதியளவு குறைந்தது.

வாரத்தில் இரண்டு, மூன்று நாளாவது விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே நிபந்தனை. போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் செய்தால் பயனில்லை.

அந்தப் பதினைந்தில் ஒன்று மட்டும் ஓடுகிற பிள்ளைகளுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டி போட்டு நிமிர்ந்து, பின்னால் ஒருவர் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்க வேண்டும், எவ்வளவு தூரம் தாங்க முடியுமோ அவ்வளவு தூரம். நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். இதைச் செய்யும் அணிகளில் தொடைப் பின்தசைக் காயம் பாதியாகக் குறைந்திருக்கிறது. முதல் வாரம் தொடை வலிக்கும், அதனால் ஐந்து முறையில் தொடங்குங்கள். ஆனால் முட்டிப் புடைப்பு இருக்கிற பிள்ளைக்கு இது வேண்டாம், முட்டி போடவே முடியாது. தண்டனையாக முட்டி போட வைப்பதையும், வாத்து நடை நடக்க வைப்பதையும் இதோடு நிறுத்திவிடுங்கள் என்று கை கூப்பிக் கேட்கிறேன்.

"வெயிட் தூக்கினா வளர மாட்டான்" என்று பெற்றோர் சொல்வார்கள், நீங்களும் சொல்வீர்கள். சரியான முறையில், கவனிக்க ஒருவர் நின்று, தாங்கக்கூடிய எடையில் செய்தால் பிள்ளைகளின் வளர்ச்சி நிற்பதில்லை. விளையாட்டு மருத்துவ அமைப்புகள் இதைப் பல வருடமாகச் சொல்லிவருகின்றன. எடை என்றால் ஜிம் பார்பெல்தான் என்பதும் இல்லை. தன் உடம்பு, தண்ணீர் நிரப்பிய கேன், மண் நிரப்பிய பை. யார் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று போட்டி வைப்பது மட்டும் கூடாது.

கிரிக்கெட் பயிற்சியாளர்களுக்கு ஒரு பத்தி. டி.நடராஜன் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போன பிறகு, ஊருக்கு ஊர் வேகப் பந்து போடப் பிள்ளைகள் வருகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்னிஸ் பந்து மேட்ச், மதியம் அகாடமி, திங்கட்கிழமை பள்ளி நெட்ஸ் என்று ஒரே பையன் மூன்று இடத்தில் பந்து போடுகிறான், மூன்று இடத்திலும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஒரே மூச்சில் தொடர்ந்து போடுவதற்கு, 5 ஓவர், நாளைக்கு 10 ஓவர் என்று எல்லை போட்டிருக்கிறது. 14, 15 வயதுக்கு ஸ்பெல்லுக்கு 6, நாளைக்கு 12. முதுகெலும்பின் பின்பக்க வளைவில் விரிசல் விழுவதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. எத்தனையோ நிபுணர்கள் கூடவே இருந்தும் ஜஸ்பிரித் பும்ரா முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டார். 14 வயது முதுகு எந்த மூலைக்கு? பின்னால் வளைந்தால் ஒரு பக்கம் மட்டும் இடுப்பு வலிக்கிறது, இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை என்றால் பந்தைக் கையில் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சார்கள் கூச்சப்பட்டுத் தள்ளிவைக்கும் ஒன்று இருக்கிறது. மாதவிலக்கு. நன்றாக ஓடுகிற பெண்ணுக்கு மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போனால் அது நல்ல பயிற்சியின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்று உடம்பு சொல்கிறது. அடுத்து எலும்பு மெலிந்து, முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பிலோ பாதத்திலோ விரிசல் விழும். இன்னொரு பக்கம் ரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. கடைசி சுற்றில் ஒரு பெண் தளர்ந்தால் "ஸ்டாமினா இல்ல" என்று இன்னும் நான்கு சுற்று ஓட விடும் முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடலாம். டீச்சர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். சார்களுக்கும் தெரிந்திருக்கட்டும், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

காலை ஐந்தரைப் பயிற்சிக்கு வரும் பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருகிறது. டீயும் இரண்டு பிஸ்கட்டும். இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை, முடிந்தால் ஒரு முட்டை. இதற்கு ஸ்பான்சர் பிடிக்க முடியாத ஊர் இருக்காது. ஜெர்சி வாங்கித் தரும் கடைக்காரரிடம் அடுத்த முறை கடலை கேளுங்கள். தூக்கமும் அப்படித்தான். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு, சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று, ஐந்துக்கு எழுந்திருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் கீழே தூங்கும் பள்ளி வீரர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பள்ளியில் பார்த்துச் சொன்னார்கள். மாலைப் பயிற்சி இருக்கும் நாளில் காலைப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை தடுமாறி, பேச்சுக் குழறி, சம்பந்தமில்லாமல் உளறினால் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றத் தொடங்குங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும், வண்டி வரும்வரை நீங்கள் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. முதலில் குளிர்ச்சி, அப்புறம் ஆஸ்பத்திரி.

கடைசியாக வலியைப் பற்றி. நான் மிகவும் வற்புறுத்திக் கேட்பது இதைத்தான்.

அந்தப் பையன் ஏன் ஆறு மாதம் மறைத்தான் என்று அம்மா வெளியே போனதும் கேட்டேன். "வலிக்குதுன்னு சொன்னா சார் டீம்ல இருந்து எடுத்துடுவார்க்கா" என்றான். மூன்று வருடத்துக்கு முன் சொன்ன ஒரு அண்ணனை எடுத்துவிட்டார்களாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அப்புறம் அரசு வேலையில் மூன்று சதவீதம் என்று அவன் வீட்டில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அந்தக் கணக்கை ஒரு முட்டி வலிக்காக அவன் கலைப்பானா?

அதனால் கேட்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேளுங்கள். பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை. மூன்று வரை ஆடலாம், மறுநாள் காலை கூடாமல் இருக்க வேண்டும். நான்கு, ஐந்து என்றால் குதிப்பதும் ஸ்பிரிண்டும் அன்று கிடையாது. அதற்கு மேல் போனால், அல்லது நொண்டினால், வீக்கம் இருந்தால், இரவில் வலி எழுப்பினால் என்னைப் போன்ற ஒருவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ அனுப்புங்கள். எண் சொன்ன பிள்ளைக்கு அன்று வேறு வேலை கொடுங்கள், பெஞ்சைக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் எல்லாரும் பூஜ்ஜியம் என்பார்கள். ஒரு பிள்ளை ஐந்து என்று சொல்லி, அடுத்த மேட்சிலும் அவன் பெயர் லிஸ்டில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

கணுக்கால் மடங்கிய பிள்ளை நான்கு அடி நடக்க முடியவில்லை, அல்லது எலும்பின் மேல் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரையும் நீவ விடாதீர்கள். சுளுக்கு என்று நினைத்து நீவிய இடத்தில் வளர்ச்சித் தட்டு உடைந்திருக்கலாம். கோணலாகச் சேர்ந்துவிட்டால் அந்தக் கால் கோணலாகவே வளரும். முட்டி வலி என்று நொண்டிக்கொண்டு வரும் 11, 12 வயதுப் பிள்ளைக்கு இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பில் எலும்பு நழுவியிருந்தாலும் வலி முட்டியில் மட்டும் தெரியலாம். பெரிய போட்டிக்கு முன் வலி ஊசி போட்டு இறக்கும் பழக்கம் எங்காவது இருந்தால், அந்த ஊசி வலியை மறைக்கும், உள்ளே நடக்கும் சேதத்தை நிறுத்தாது.

எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் சனிக்கிழமை மாலை வருகிறேன், காசு வேண்டாம். டேப்பும் நோட்டும் நானே கொண்டுவருகிறேன். இறங்கும் முறையையும் அந்த இருபது நிமிடத்தையும் கூடவே நின்று செய்து காட்டுகிறேன். மற்ற ஊர்களில் உங்கள் பழைய மாணவர்களிலேயே யாராவது பிசியோதெரபி படித்திருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. அவனுடைய பி.டி. சாரிடம் நேரில் போய்ப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். ஹை ஜம்ப்பிலிருந்தும் டிரிபிள் ஜம்ப்பிலிருந்தும் அவன் பெயரை எடுத்தார், வாலிபாலில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் செட்டராக நிற்க வைத்தார். வலது முட்டியில் புடைப்பு அப்படியேதான் இருக்கிறது, இனியும் இருக்கும், ஆனால் வலி இல்லை. போன வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போன் செய்தான். "அக்கா, இன்னைக்கு இடது முட்டி நாலு. சார்கிட்ட சொல்லிட்டேன். ஜம்ப் வேணாம், சர்வீஸ் மட்டும் போடுன்னார். சனிக்கிழமை மேட்ச்ல பேர் இருக்கு."

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி